எந்த வருஷத்துப் புத்தகம்? அமெரிக்காவில் புது வீடு வாங்குவோர் கேட்கும் எனர்ஜி கோட் சந்தேகங்கள்

டல்லாஸ் வட்டாரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குக் காற்றுக் கசிவு சோதனை செய்வது என் பிழைப்பு. அது தெரிந்துவிட்டதால் பொங்கல் விழாவுக்குப் போனாலும் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும், தட்டில் சோறு விழுவதற்குள் யாராவது ஒருவர் "அண்ணா, ஒரு சந்தேகம்" என்று வந்து உட்காருவார். எல்லாருக்கும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதிலை ஒருமுறை எழுதிவைக்கிறேன். நான் டெக்சாஸில் இருப்பதால் டெக்சாஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

1. எனர்ஜி கோட்னா என்ன? ஏசி பில் சம்பந்தப்பட்டதா?

பில்லில் போய் முடிவது, சுவரில் ஆரம்பிக்கிறது. அட்டிக்கிலும் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) சுவருக்குள்ளும் எவ்வளவு இன்சுலேஷன் (வெப்பம் தடுக்கும் பஞ்சு), ஜன்னல் கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடலாம், இடுக்குகளில் எவ்வளவு காற்று கசியலாம், ஏசிக் காற்று போகும் டக்ட் எவ்வளவு ஒழுகலாம் என்று புது வீட்டுக்குச் சட்டம் வைக்கும் அளவுகள்தான் எனர்ஜி கோட்.

எல்லாமே குறைந்தபட்ச அளவுகள். சேல்ஸ் ஆபீஸில் "கோட்படி கட்டினோம்" என்று பெருமையாகச் சொன்னால், பையன் 35 மார்க் வாங்கிப் பாஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இதை வாஷிங்டன்ல போடறாங்களா, ஆஸ்டின்லயா, நம்ம சிட்டியிலயா?

எழுதுவது இந்த மூன்று இடத்திலும் இல்லை. இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் என்ற லாப நோக்கில்லாத தனியார் அமைப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிடுகிறது. பெயர் ஐஇசிசி (இன்டர்நேஷனல் எனர்ஜி கன்சர்வேஷன் கோட்). முதல் பதிப்பு 1998-ல் வந்தது. அண்மையில் வந்தவை 2015, 2018, 2021, 2024. ஆபீஸ், கடை, மருத்துவமனை போன்ற பெரிய கட்டடங்களுக்கு ஆஷ்ரே 90.1 என்ற இன்னொரு நூலும் உண்டு. அதன் வேர் 1975-ல் இருக்கிறது. வெளிவந்த அன்று இவை வெறும் புத்தகங்கள்தான். ஒரு மாநிலமோ நகரமோ "இதை ஏற்றோம்" என்று சட்டமாக்கினால்தான் பல் முளைக்கும்.

மத்திய அரசின் பங்கு குறைவு. 1992 எரிசக்திச் சட்டப்படி, புதிய பதிப்பு பழையதைவிட ஆற்றலை மிச்சப்படுத்துகிறதா என்று எரிசக்தித் துறை ஆராய்ந்து அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தால், பெரிய கட்டடங்களுக்கான விதியை மாநிலங்கள் இரண்டு ஆண்டுக்குள் அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். வீடுகளைப் பொறுத்தவரை "ஆராய்ந்து பார்த்தோம், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்தோம்" என்று எழுதிக் கொடுத்தாலே போதும். கொடுக்காவிட்டாலும் தண்டனை கிடையாது.

அதனால் வாஷிங்டன் அவ்வப்போது காசைக் காட்டிக் கூப்பிடும். 2009 பொருளாதார மீட்புச் சட்டத்தில் மாநிலங்களுக்கு ஒதுக்கிய 310 கோடி டாலருக்குக் கைமாறாக, அப்போதைய புதிய பதிப்பை நோக்கி நகர்வதாக ஆளுநர்கள் உறுதி கொடுத்தார்கள். 2022-ல் கோட் ஏற்புக்கென்றே 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். யாருக்கும் வழங்க ஒப்பந்தமாகாமல் மிஞ்சியிருந்ததை 2025 சட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது.

3. அப்ப மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற புத்தகமா?

ஆமாம். புத்தகம் மட்டும் இல்லை, யார் முடிவு செய்வது என்பதே மாறும். நியூ ஜெர்சியில் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி. எடிசன் நகராட்சி நினைத்தாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கலிஃபோர்னியா ஐஇசிசியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. 1974-ல் தனி எரிசக்தி ஆணையம் அமைத்து, 1978 முதல் 'டைட்டில் 24' என்ற சொந்த விதியை நடத்துகிறது. 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான புது வீடுகளுக்குக் கூரையில் சோலார் கட்டாயம் என்றது அந்த விதிதான்.

மறுகோடியில் அரிசோனா, மிசோரி. மாநிலம் முழுவதற்குமான வீட்டு எனர்ஜி கோடே அங்கே இல்லை. அந்தந்த ஊர் வைத்ததுதான் விதி. கொலராடோவும் அப்படித்தான் இருந்தது. அங்கே 2022-ல் ஒரு சாமர்த்தியமான சட்டம் போட்டார்கள்: 2023 ஜூலைக்குப் பிறகு ஓர் ஊர் தன் கட்டட விதிகளில் எதைப் புதுப்பித்தாலும், கூடவே 2021 எனர்ஜி கோடையும் ஏற்க வேண்டும். நேராக உத்தரவு போட்டிருந்தால் ஊர்கள் முரண்டு பிடித்திருக்கும்.

டெக்சாஸ் இரண்டுக்கும் நடுவில். 2001-ல் முதல் மாநில எனர்ஜி கோட் வந்ததற்குக் காரணம் மின்சாரச் சிக்கனம்கூட இல்லை. ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் ஓசோன் மாசு மத்திய வரம்பைத் தாண்டியதால் வந்த காற்றுத் தூய்மைச் சட்டத்தின் ஓர் அங்கமாக அது நுழைந்தது. 2015-ல் சட்டமன்றம் 2015 பதிப்பைத் தரைமட்டமாக, அதாவது அடிப்படை அளவாக, வைத்தது. தனி வீடுகளுக்கு 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. அதற்கு மேல் போவது ஊர்களின் விருப்பம்.

4. அதே பில்டர், அதே மாடல், அதே விலை. பக்கத்து சிட்டில மட்டும் அட்டிக்ல பஞ்சு ஜாஸ்தியா இருக்கு. நம்மள ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை; எல்லைக்கோடு மாறியிருக்கிறது. உங்கள் ஊர் 2015 புத்தகத்தில் நின்றால் டல்லாஸ் பக்கத்தில் அட்டிக்குக்கு ஆர்-38 போதும். பக்கத்து ஊர் 2021-க்குப் போயிருந்தால் ஆர்-49. ஆர் எண் கூடக் கூட வெப்பம் கடப்பது குறையும். பில்டர் இரண்டு ஊரிலும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, பெர்மிட் வாங்கும் ஊர் கேட்பதை மட்டும் மாற்றிக்கொள்வார்.

அதற்காகப் புதுப் புத்தகம் என்றால் எல்லா எண்ணும் ஏறியே தீரும் என்று நினைக்காதீர்கள். 2024 பதிப்பு நம் பகுதிக்கு அட்டிக் அளவை மறுபடி ஆர்-38-க்கே இறக்கி, வேறு இடங்களில் ஈடுகட்டச் சொல்கிறது. வருஷத்தைக் கேளுங்கள், அதோடு நிறுத்தாமல் எண்களையும் கேளுங்கள்.

ஊர் வேகமாகப் போக முடியும் என்பதற்கு ஆஸ்டின் சாட்சி. 2021 பதிப்பை அதே 2021 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

5. எங்க அட்ரஸ்ல கேட்டினு இருக்கு. ஆனா சிட்டிக்கு வெளியிலங்கறாங்க. எங்களுக்கு எந்த விதி?

தபால் முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்று முகவரி போட்ட வீடுகளில் ஏராளமானவை கேட்டி நகராட்சிக்குள் இல்லை. ஹாரிஸ் அல்லது ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நகராட்சி சேராப் பகுதியில் இருக்கின்றன. சொத்துவரிச் சீட்டில் நகர வரி என்ற வரியே இல்லையென்றால் நீங்கள் வெளியில்தான்.

வெளியில் இருந்தாலும் 3-ஆம் பதிலில் சொன்ன மாநிலத் தரைமட்டம் பொருந்தும். வித்தியாசம் மேற்பார்வையில்தான். சிட்டி இன்ஸ்பெக்டர் வரமாட்டார். பரிசோதகரைப் பில்டரே அமர்த்துவார், சில சமயம் "விதிப்படி கட்டினேன்" என்று தானே படிவத்தில் எழுதிக் கொடுப்பார். பரீட்சை எழுதியவரே திருத்தவும் செய்கிற ஏற்பாடு. இப்படிப்பட்ட இடத்தில் வாங்குபவர்கள், பஞ்சு வைத்த பிறகு, சுவர்ப் பலகை அடிப்பதற்கு முன் சொந்தச் செலவில் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்ப்பது நல்லது. பலகை அடித்துவிட்டால் உள்ளே பஞ்சு இருக்கிறதா பழைய சிமெண்ட் பை இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது.

6. சிகாகோல இருக்கற தம்பி வீட்டுக்கும் 2021 புத்தகம்தான். அளவு மட்டும் ஏன் வேற?

ஒரே புத்தகத்துக்குள் நாட்டைக் கவுண்ட்டி வாரியாகத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மயாமி 1, ஹூஸ்டன் 2, டல்லாஸ் 3, சிகாகோ 5. 2021 பதிப்பில் அட்டிக்குக்கு மயாமியில் ஆர்-30, நமக்கு ஆர்-49, தம்பிக்கு ஆர்-60. ஜன்னலில் கவலையே தலைகீழ்: நமக்கு வெயிலை வெளியே நிறுத்தும் கண்ணாடி வேண்டும், அவருக்கு உள்சூட்டை வெளியே விடாத கண்ணாடி வேண்டும்.

7. புதுப் புத்தகத்துல கட்டினா பில் நிஜமாவே குறையுமா?

குறையும், ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் ஒரே அளவு இல்லை. பெரிய தாவல் 2006-க்கும் 2012-க்கும் நடுவில் நடந்தது. 2009, 2012 பதிப்புகள் என்ற அந்த இரண்டு படிகளிலும் சேர்த்து சுமார் 30 சதவீதம். 2015-லும் 2018-லும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றார்கள். 2021-ல் மறுபடி சுமார் 9 சதவீதம் என்பது எரிசக்தித் துறையின் கணக்கு. அதனால் 2015 வீட்டுக்கும் 2018 வீட்டுக்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 2009-ஐ ஒட்டிய விதியில் கட்டிய வீட்டையும் 2021 வீட்டையும் ஒப்பிட்டால் யோசிக்கலாம்.

இவை காகிதத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 11-க்குப் போங்கள்.

8. கோட் மாறினா வீட்டு விலை எங்கயோ போயிடும்னு பில்டர் சொல்றாரே?

கொஞ்சம் ஏறும் என்பது உண்மை. கணக்குக்காக 3,000 டாலர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 வருடக் கடன், 6.5 சதவீத வட்டி என்றால் மாதம் 19 டாலர். அந்த வீட்டில் மின்சாரமும் எரிவாயுவும் சேர்ந்து மாதம் 19 டாலருக்கு மேல் குறைந்தால் முதல் மாதமே உங்களுக்கு லாபம். தகராறு இந்தக் கூட்டல் கழித்தலில் இல்லை. கூடுதல் செலவு பில்டர் கையில், மிச்சம் உங்கள் கையில். விளம்பரப் பலகையில் போடும் விலையில் 3,000 டாலர் தெரியும். மாதம் 19 டாலர் மிச்சம் தெரியாது.

இந்த வாதம் சட்டமன்றங்களில் எடுபடும். வட கரோலினாவில் 2023-ல், ஆளுநரின் மறுப்பையும் மீறி, வீட்டுக் கட்டட விதிகளில் 2031 வரை மாற்றமில்லை என்று சட்டம் போட்டார்கள். அங்கே எனர்ஜி கோட் 2015 பதிப்பைத் தழுவியது. கேரியிலும் மோரிஸ்வில்லிலும் வாங்குபவர்கள் இதை நினைவில் வையுங்கள். கலிஃபோர்னியாகூட 2025-ல், சில விதிவிலக்குகளோடு, வீட்டு விதிகளை 2031 நடுப்பகுதி வரை உறையவைத்தது. வீட்டுப் பஞ்சம் அங்கே அந்த அளவுக்கு நெருக்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். கலிஃபோர்னியா மொட்டைமாடியில் நின்றது, வட கரோலினா படிக்கட்டின் நடுவில் நின்றது.

9. அந்தப் புத்தகத்தை யார் எழுதறாங்க? பில்டருங்களே எழுதிக்கறாங்களா?

இதில் ஒரு கதை இருக்கிறது. திருத்தங்களை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆனால் கடைசி வாக்கு உறுப்பினரான அரசு, நகராட்சி அதிகாரிகளுக்கு மட்டும் என்பது அன்றைய முறை. பல ஆண்டுகள் அந்த வாக்கைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2019 கடைசியில், 2021 பதிப்புக்கான இணைய வாக்கெடுப்பில், தட்பவெப்ப இலக்கு வைத்திருந்த நகரங்களின் அதிகாரிகள் திரண்டு வந்து கடுமையான விதிகளுக்கு ஆதரவாக வாக்குகளைக் குத்தித் தள்ளிவிட்டார்கள். 7-இல் சொன்ன 9 சதவீதம் அப்படி வந்தது.

வீடு கட்டுவோர் சங்கமும் எரிவாயுத் தரப்பும் மேல்முறையீடு செய்தன. மின் அடுப்புக்கு முன்கூட்டியே வயர் இழுத்துவைப்பது போன்ற சில விதிகள் அதில் அடிபட்டன, மற்றவை தப்பின. ஆனால் 2021 மார்ச்சில் கவுன்சில் வாக்கெடுப்பு முறையையே எடுத்துவிட்டு, பல தரப்பினரும் உட்காரும் குழு முறைக்கு மாறிவிட்டது. 2024 பதிப்பு அந்தக் குழுவின் கைவண்ணம். ஆட்டத்தில் ஒரு முறை தோற்றதும் மட்டையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரித்தான் எனக்குப் பட்டது. குழு முறையில் பேச்சு ஆழமாக நடக்கிறது என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு.

10. எங்க ஊர் 2021 புத்தகம். ஆனா அட்டிக்ல ஆர்-38 தான் இருக்கு. எப்படிப் பாஸ் ஆச்சு?

ஆகலாம். அட்டவணையில் உள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்வது ஒரு வழிதான். முழு வீட்டையும் கணினியில் வைத்து, அட்டவணைப்படி கட்டிய வீட்டைவிட ஆற்றல் அதிகம் செலவாகாது என்று காட்டுவது இன்னொரு வழி. வீட்டின் ஆற்றல் சிக்கனத்துக்கு ஹெர்ஸ் மாதிரியான மதிப்பெண் வாங்குவது மூன்றாவது. அது 2015 பதிப்பில் நுழைந்தது. நல்ல ஜன்னல் போட்டு, டக்டை வீட்டின் குளிர்ந்த பகுதிக்குள் கொண்டுவந்தால் அட்டிக்கில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குறைக்கவே கூடாத எல்லைகளும் உண்டு. எந்த வழியில் பாஸ் ஆனது என்று கேட்டு, அந்தக் கணக்கின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

11. சோதனை பண்ணாங்களா இல்லையானு நமக்கு எப்படித் தெரியும்?

மின்சார பேனல் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதன் உள்பக்கத்திலோ அருகிலோ ஒரு சான்றிதழ் ஒட்டியிருக்க வேண்டும். இன்சுலேஷன் எண்கள், ஜன்னல் எண்கள், காற்றுக் கசிவு, டக்ட் கசிவு எல்லாம் அதில் இருக்கும். பாதி வீடுகளில் அதன் மேல் வைஃபை கடவுச்சொல்லை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

கசிவு சோதனை 2012 பதிப்பிலிருந்து கட்டாயம். வாசற்கதவில் துணித் திரையோடு ஒரு பெரிய விசிறியை மாட்டி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை காற்றை வெளியே இழுப்போம். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் எண். அட்டவணைப்படி ஹூஸ்டன் பக்கம் 5, டல்லாஸ் முதல் வடக்கே 3. ஊர்த் திருத்தங்களில் இது கொஞ்சம் மாறலாம். விசிறி ஓடும்போது பிளக் பாயிண்டில் கை வைத்தால் அட்டிக் அனல் விரலில் அடிக்கும். வீட்டுக்காரர்கள் முகம் மாறுவது அந்த நொடியில்தான்.

காகிதத்துக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளியை எரிசக்தித் துறை டெக்சாஸ் உட்பட எட்டு மாநிலங்களில் நேரில் போய் அளந்தது. ஜன்னல்கள் பெரும்பாலும் விதியை மிஞ்சி இருந்தன. தொழிற்சாலையிலிருந்து முத்திரையோடு வருபவை அவை. டக்ட் கசிவிலும், பஞ்சைத் திணித்த நேர்த்தியிலும் ஓட்டை. அவை சைட்டில் ஒருவர் வியர்த்துக்கொண்டு கையால் செய்யும் வேலைகள்.

12. வீடு ரொம்ப டைட்டா இருக்கு. மீன் வறுத்தா ரெண்டு நாளைக்கு வாசனை போகல. இதுக்கு கோட்தான் காரணமா?

பாதிக் காரணம். இடுக்கை அடைத்தால் காற்றுக்கு வேறு வழி விட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கசிவு எண் 5-க்குக் கீழே போனால் வெளிக்காற்றைக் கொண்டுவரும் விசிறி கட்டாயம். அந்தச் சத்தம் பிடிக்காமல் சுவிட்சை அணைத்துவிடும் வீடுகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். முதலில் அதைப் போடுங்கள்.

மீதிப் பாதி அடுப்புக்கு மேலே. புகையை உறிஞ்சி, வடிகட்டி, உங்கள் முகத்திலேயே திரும்ப ஊதும் மைக்ரோவேவ் ஹூடுக்குப் பல இடங்களில் விதி இடம் தருகிறது. நம் தாளிப்புக்கு அது தாங்காது. டிசைன் சென்டரில் வேறு எதற்குக் காசு கொடுக்காவிட்டாலும், வெளியே குழாய் போகும் ஹூடுக்குக் கொடுங்கள். பிறகு சுவரை உடைத்துப் போடுவது பல மடங்கு செலவு. ஆர்வக்கோளாறில் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுப்பதை வாங்கினால், எரிவாயு எரியும் வீட்டில் ஈட்டுக் காற்றுக்கும் தனி வழி வைக்க வேண்டும்.

13. எல்லாம் சொல்றாங்க, ஏசி மட்டும் நல்லதா போடுன்னு சிட்டி ஏன் சொல்றதில்ல?

சொல்ல முடியாது. ஏசி, ஃபர்னேஸ், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றின் குறைந்தபட்சத் திறன் மத்திய அரசின் கையில். மாநிலமோ நகரமோ அதற்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. 2023 முதல் தென் மாநிலங்களில் வழக்கமான வீட்டு ஏசிக்கு 14.3 சீர்2 (ஏசியின் திறனைக் காட்டும் எண்). அதற்கு மேல் வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்ட ஊர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி. 2019-ல் புதுக் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் கூடாது என்றது. உணவக உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1975-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2024-ல் பெர்க்லி அந்த விதியை எடுத்துவிட்டது. டெக்சாஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எரிவாயு இணைப்பை ஊர்கள் தடுக்கக் கூடாது என்று 2021-லேயே மாநிலச் சட்டம் போட்டாயிற்று.

14. மாநிலத்தை விட கடுமையா ஒரு சிட்டி வைக்கலாமா?

மாநிலம் விட்டால் வைக்கலாம். 3-இல் சொன்ன நியூ ஜெர்சி விடாது. டெக்சாஸ் விடும். ஒன்று மட்டும்: காற்று மாசு வரம்பு மீறிய கவுண்ட்டிகளில் ஊர்த் திருத்தம் மாநில விதியைத் தளர்த்துவதாக இருக்கக் கூடாது.

அழகாகச் செய்தது மாசசூசெட்ஸ். ஊருக்கு ஊர் சொந்தமாக விதி எழுதினால் பில்டர் பைத்தியம் பிடித்து அலைவார். அதனால் மாநிலமே 2009-ல் 'ஸ்ட்ரெச் கோட்' என்று கடுமையான இரண்டாவது விதியை எழுதிவைத்து, விரும்பும் ஊர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. எடுத்தால் பசுமை நிதி பெறும் தகுதிக்கு அது ஒரு படி. 351 ஊர்களில் சுமார் 300 எடுத்துக்கொண்டன. பிறகு இன்னும் கடுமையான மூன்றாவது படியும் வைத்தார்கள். 2023-ல் முதலில் ஏறியவற்றில் ஒன்று ப்ரூக்ளைன்.

15. எங்க வீடு 1998-ல கட்டினது. புது விதி வந்தா இடிச்சுக் கட்டணுமா?

வேண்டாம். தொடும் பகுதிக்கு மட்டும்தான் விதி. அறை சேர்த்தால் அந்த அறைக்கு. ஜன்னலை முழுதாக மாற்றினால் அந்த ஜன்னலுக்கு. ஜன்னல் சட்டகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அதுவும் இல்லை.

16. கான்ட்ராக்ட் போட்டாச்சு. அடுத்த மாசம் சிட்டி புதுப் புத்தகத்துக்கு மாறுதாம். எங்க வீடு எதுல வரும்?

நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளும், குடி போகும் நாளும் கணக்கில்லை. பெர்மிட்டுக்கு மனு கொடுத்த நாள்தான் பொதுவாகக் கணக்கு. விதி மாறுவதற்கு முந்தைய வாரங்களில் பெர்மிட் அலுவலகம் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். மாறிய பிறகும் ஒரு வருடம்வரை பழைய புத்தகத்து வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும்.

எஃப்எச்ஏ கடனில் (மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்) புது வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: ஊர் விதி என்னவானாலும் அந்தக் கடனுக்கு 2021 தரம் வேண்டும் என்று 2024-ல் மத்திய வீட்டுவசதித் துறை அறிவித்தது, நடைமுறைத் தேதியைப் பிறகு தள்ளிவைத்தார்கள். கடன் கொடுப்பவரிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

17. புதுப் புத்தகத்துக்கு மாறச் சொல்லி சிட்டி கவுன்சில் மீட்டிங்ல போய் பேசலாம்னு இருக்கேன். நான் எச்1பி விசா, ஓட்டே கிடையாது. என்னை விடுவாங்களா?

விடுவார்கள். டெக்சாஸில் 2019 முதல், விவாதப் பட்டியலில் உள்ள பொருளைப் பற்றிப் பேசப் பொதுமக்கள் யாருக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். குடியுரிமை கேட்கமாட்டார்கள். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தால் போதும். நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம்.

எங்கள் ஊரில் புதுப் புத்தகத்துக்கு மாறும் விஷயம் கவுன்சிலுக்கு வந்த இரவு, பேச வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் பில்டர் தரப்பு, ஒருவன் நான். கோடை பில் இரண்டை எடுத்துப்போயிருந்தேன்: ஒரே அளவு வீடு, ஒரே தெரு, ஒன்று பழைய புத்தகம், ஒன்று புதுசு. என் மூன்று நிமிடம் முடிந்த பிறகும் ஒரு கவுன்சிலர் அந்த இரண்டு காகிதத்தையும் திருப்பித் தரவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் தள்ளினார்.

நீங்கள் போனால் உங்கள் பில்லை எடுத்துப்போங்கள். நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.